ஹாரன் இல்லாத மூன்று நாட்கள்

முள் நடுவைத் தாண்டியது
டான்டெனோங்கில், ஃபாஸ்டர் வீதிச் சிக்னலில்.
பெப்ரவரி. நாற்பத்தொரு பாகை.
முன்னால் ஒரு லொறி, பின்னால் ஒரு லொறி,
இடையில் நானும்
இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு மேக்னாவும்.

ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன்.
சிரிக்க வேண்டாம், அதுதான் முதலுதவி:
எஞ்சினின் காய்ச்சலை
மடியில் வாங்கிக்கொள்வது.
முழங்காலில் அனல். கண்ணாடியை இறக்கினால்
அங்கேயும் அனல்.
முள் ஒரு நூல் இறங்கியது.
பச்சை விழுந்தது.

விற்றவர் கிரான்பர்ன் குலநாயகம்.
"ஒரு சொட்டு ஒழுக்கில்லை பிள்ளை,
மூண்டு லட்சம் ஓடியும் மூச்சு வாங்காது."
ஆயிரத்தெண்ணூறு சொன்னார்,
ஆயிரத்தறுநூறுக்குத் தந்தார்.
இருநூறை ஏன் அவ்வளவு லேசாக விட்டார் என்று
அன்றிரவே யோசித்திருக்க வேண்டும்.

நான் பயந்தது கேஸ்கெட்டுக்கு.
அது போயிருந்தால்
காரை விடப் பெரிய பில் வரும்.
கோழி பொதி செய்யும் ஆலையின் தரிப்பிடத்தில்
பொனெட்டைத் தூக்கி
எண்ணெய் மூடியைத் திருகிப் புரட்டினேன்.
பால் தேத்தண்ணி நிறத்தில் நுரை இருந்தால்
கதை முடிந்தது.
இல்லை. கறுப்பு.
அத்தனை அழகான அழுக்கை
நான் அதுவரை கண்டதில்லை.
புகைக்குழாயருகே குனிந்து முகர்ந்தேன்,
இனிப்பு வாடையும் இல்லை.
வேலி ஓரம் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர்
எதுவும் கேட்காமல் உள்ளே போனார்.

ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது.
ஷிஃப்ட் முடியும்வரை விட்டு வைத்தேன்,
எட்டு மணி நேரம், ஆயிரத்துச் சொச்சம் கோழி.
திறந்தால், பச்சைத் தண்ணீர் கழுத்தளவு நிற்கிறது.

மொனாஷ் ஃப்ரீவேயில் நூறில் போனால்
முள் படுத்துவிடும்.
நின்றால்தான் எழும்பும்.
ஓடும்போது இல்லாத நோய்,
நிற்கும்போது வருகிறது.
என்னையும் யாராவது இப்படிக் கவனித்திருந்தால்
கோளாறு இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் என்று
எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

ஆக, காற்று.
ஓடும்போது தெரு கொடுக்கும் காற்றை
நிற்கும்போது விசிறி கொடுக்க வேண்டும்.
ஏசியைப் போட்டேன். விசிறி அசையவில்லை.
பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தேன்,
விர்ரென்று எழும்பி
என் சட்டைக் கையைத் தேடியது.
உயிர் இருக்கிறது.
உத்தரவுதான் வரவில்லை.

ஃபியூஸ் பெட்டிக்குள் ரிலே,
பாதித் தீப்பெட்டி அளவு, நாலு கால்.
இரண்டு இடம் தள்ளி
அதே எண், அதே நாலு கால்,
ஹாரனுக்கு.
இரண்டையும் பிடுங்கினேன்.
இடம் மாற்றிக் குத்தினேன்.

விசிறி சுழன்றது.
இருபது நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
பரீட்சை முடிவு பார்ப்பதுபோல.
நடுவில் நின்றது. நின்றேபோனது.
பிறகு ஸ்டியரிங் நடுவே அழுத்தினேன்:
சத்தமில்லை.

வெள்ளி இரவு. கடை திங்கள்தான் திறக்கும்.
குலநாயகத்துக்குப் போன் போட்டேன்.
"ஓ... அந்த ஃபேனோ" என்றார்.
அந்த 'ஓ'வை அவர் இழுத்த நீளத்தில்
என் இருநூறு டொலர் இருந்தது.

சனிக்கிழமை ஸ்பிரிங்வேல் சந்தையடியில்
ஒரு வெள்ளை யூட்
சிக்னல் போடாமல் குறுக்கே நுழைந்தது.
கை தன்பாட்டில் நடுவை அழுத்தியது.
ஒன்றுமில்லை.
கண்ணாடியை இறக்கி
வல்வெட்டித்துறைத் தமிழில்
வாயாலேயே அடித்தேன்.
யூட்காரர் திகைத்து, கையுயர்த்தி, வழிவிட்டார்.

முள் நடுவில் நின்றது.